விழுந்த பிறகு வரும் மூன்று விநாடி

மகளிர் ரக்பி பார்க்கப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "உங்க டீம்ல ரொம்ப வேகமா ஓடுறது யாரு?" என்றுதான். விங்கில், அதாவது மைதானத்தின் ஓரத்தில், நிற்கும் பெண்ணைக் காட்டுவேன். அவள் பந்தை வாங்கிக் கோட்டோரமாக ஓடி ட்ரை போட்டதும் எல்லோரும் கைதட்டுவார்கள். ஆட்டம் முடிந்து கலையும்போது அவள் பெயரைத்தான் சொல்லிக்கொண்டு போவார்கள். அந்தப் பந்து அவள் கைக்கு வருவதற்கு முன்னால் நடுமைதானத்துச் சேற்றில் மூன்று நான்கு பெண்கள் என்ன பாடுபட்டார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் எழுத நினைப்பது அவர்களைப் பற்றி.

மும்பை சயான் கோலிவாடா பக்கம் வளர்ந்தவள் நான். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்கு வந்த குடும்பம். கல்லூரியில் ரக்பி ஆடத் தொடங்கி, சில ஆண்டுகள் முன்வரிசை நடுவில் நிற்கும் ஹூக்கராக ஆடினேன். இப்போது தாராவி, அந்தோப் ஹில், வடாலா பெண்கள் ஆடும், பக்கத்துக்கு ஏழு பேர் கொண்ட ஒரு செவன்ஸ் அணிக்கு உதவுகிறேன். ஆட்டங்களைக் கைபேசியில் படம் பிடித்து, இரவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கணக்கு எழுதிப் பயிற்சியாளரிடம் கொடுப்பது என் வேலை. ட்ரை எத்தனை, கன்வர்ஷன் எத்தனை என்பதை ஸ்கோர்ஷீட்டே சொல்லிவிடும். நான் எழுதுவது வேறு கணக்கு. யார் டேக்கிளில், அதாவது எதிரணிக்காரி பிடித்துச் சாய்த்ததில், விழுந்தாள், விழுந்த பிறகு பந்து எவ்வளவு நேரத்தில் வெளியே வந்தது, முதலில் ஓடி வந்து காத்தது யார், பந்தை இழந்தோமா, பெனால்டி கொடுத்தோமா?

இப்படிப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு தீர்மானமான கருத்து வந்துவிட்டது. பெண்கள் ரக்பியில் வெற்றி தோல்வி பெரும்பாலும், பந்தோடு ஓடும் பெண் டேக்கிள் வாங்கிக் கீழே விழுந்த பிறகு வரும் மூன்று விநாடிகளில் முடிவாகிறது. அந்த நேரத்தில் அவளும் தோழிகளும் சரியாக நடந்துகொள்வது, அவர்களுக்குச் சேர்ந்து பயிற்சி செய்யக் கிடைத்த நேரத்தைப் பொறுத்தது. வேகமும் பலமும் வேண்டும்தான். பீகாரிலிருந்து வந்த ஸ்வீட்டி குமாரியை ஆசிய ரக்பி அமைப்பே கண்டத்தின் வேகமான வீராங்கனை என்று சொன்னது. அவரைப் போல ஒருத்தி இருந்தால் எந்த அணியும் கொண்டாடும். ஆனால் அவர் கைக்குப் பந்து வர வேண்டுமே! எதிரணி வரிசை கட்டி நின்ற பிறகு வந்தால், அந்த வேகத்தை வைத்து என்ன செய்வது?

ரக்பி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. பின்னாலோ பக்கவாட்டிலோதான் கொடுக்க வேண்டும். எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தால் ட்ரை, 5 புள்ளி. அதன்பின் உதைக்கும் கன்வர்ஷனுக்கு 2, பெனால்டி உதைக்கு 3. பெரிய ஆட்டத்தில் பக்கத்துக்கு 15 பேர், 80 நிமிடம். செவன்ஸில் 7 பேர், 7 நிமிடமாக இரண்டு பாதி. மைதானம் மட்டும் அதே 100 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம்.

சரி, அந்த மூன்று விநாடிக்கு வருவோம்.

பந்தோடு ஓடுகிறவளை எதிரணிக்காரி கட்டிப் பிடித்துத் தரையில் சாய்க்கிறாள். சாய்த்தவள் உடனே பிடியை விட்டு விலக வேண்டும். விழுந்தவளும் உடனே பந்தை விட்டாக வேண்டும். வைத்துக்கொண்டு படுத்திருந்தால் பெனால்டி. இந்த இடைவெளியில் எதிரணியில் காலூன்றி நிற்கும் ஒருத்தி குனிந்து பந்தைப் பறிக்கலாம். இதற்கு ஜாக்கல் என்று பெயர். அவள் கை பந்தில் படுவதற்குள் நம் ஆள் ஒருத்தி ஓடி வந்து பந்துக்கு மேல் நின்று அவளைத் தள்ளியாக வேண்டும். இரண்டு பக்கத்து ஆட்களும் பந்துக்கு மேலே மோதி நின்றுவிட்டால் அது ரக். அதன்பின் புதிதாக யாரும் கை வைக்க முடியாது. காலால் தள்ளித்தான் பந்தை வெளியே கொண்டுவர வேண்டும்.

மூன்று விநாடிக்குள் பந்து வெளியே வந்தால், எதிரணியில் பாதிப் பேர் இன்னும் எழுந்து தங்கள் இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருப்பார்கள். செவன்ஸில் 70 மீட்டர் அகலத்தை ஏழு பேர் காக்க வேண்டும்; ஒருத்தி பின்னால் காவலுக்கு நிற்பாள், ஒருத்தி டேக்கிளில் விழுந்து கிடப்பாள். மீதி ஐந்து பேர் அவ்வளவு அகலத்தை எப்படி அடைப்பது? எங்காவது ஓட்டை இருந்தே தீரும். பந்து ஐந்து ஆறு விநாடி ரக்கிலேயே கிடந்தால் அந்த ஓட்டை அடைபட்டுவிடும். பிறகு விங்கில் நிற்பவள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அவள் முன்னால் ஒருத்தி நிற்பாள்.

ஆகவே விழுகிறவளுக்கு ஒரு கடமை இருக்கிறது. விழும்போதே உடலைத் திருப்பி, கையை நீட்டிப் பந்தைத் தன் பக்கம் எவ்வளவு தூரம் தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தூரம் வைக்க வேண்டும். அரை மீட்டர் கூடுதலாகத் தள்ளி வைத்தால் எதிரணிக்காரி அந்த அரை மீட்டருக்கும் சேர்த்துக் குனிய வேண்டும். அதற்குள் நம் ஆள் வந்துவிடுவாள். எங்கள் அணியில் ஆட்டம் கைவிட்டுப் போன நாட்களின் படத்தைப் பார்த்தால், பெரும்பாலும் இங்கேதான் கோளாறு. அடி வாங்கியதும் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சுருண்டு விழுவார்கள். பயந்த உடம்பு அப்படித்தான் செய்யும். யாரையும் குறை சொல்ல முடியாது. அந்தப் பயம் போவதற்கு மாதக்கணக்கில், மெத்தையிலும் புல்லிலும், விழுந்து விழுந்து பழக வேண்டும்.

இங்கே கபடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டிலும் சரி, மகாராஷ்டிராவிலும் சரி, ரக்பிக்கு வரும் பெண்கள் பலர் கபடி ஆடியவர்கள். டேக்கிளுக்கு அவர்களைப் போல ஆள் கிடைக்காது. தாழ்ந்து வருவார்கள், இடுப்புக்குக் கீழே பிடிப்பார்கள், பிடித்தால் நழுவ விடமாட்டார்கள். தலையில் படாமல் தாழப் பிடிப்பதற்கு மற்றவர்களுக்கு நாங்கள் படாத பாடு பட்டுச் சொல்லித் தருவதை இவர்கள் பத்து வயதிலேயே கற்றிருக்கிறார்கள். ஆனால் கபடியில் ரெய்டரைப் பிடித்தால் விசில் ஊதும்வரை விடக் கூடாது. ரக்பியில் சாய்த்த அடுத்த கணமே விட்டு விலக வேண்டும். பல ஆண்டுகளாகக் கையில் ஊறிய பழக்கம் அவ்வளவு சுலபமாக மாறாது. நல்ல டேக்கிள், நல்ல பிடி, உடனே பெனால்டி. "அக்கா, புடிச்சதுக்கா தண்டனை?" என்று ஒருத்தி கண் கலங்கக் கேட்டாள். இப்போது பயிற்சியில் டேக்கிள் போட்டவள் "விட்டுட்டேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு எழ வேண்டும் என்று வைத்திருக்கிறோம். சின்ன ஏற்பாடுதான். ஆனால் நடுவருக்கும் கேட்கிறது, அவளுக்கும் ஞாபகம் வருகிறது.

உலக அளவில் என்ன நடக்கிறது என்று பார்த்தாலும் என் கருத்து வலுப்படுகிறது. 2025 உலகக் கோப்பை இங்கிலாந்தில் நடந்தது. செப்டம்பர் 27 அன்று ட்விக்கன்ஹாமில் இறுதி ஆட்டம். 81,885 பேர் வந்தார்கள். மகளிர் ரக்பிக்கு அதுவரை அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. இங்கிலாந்து கனடாவை 33-13 என்று வென்றது. அந்தக் கனடா சாதாரண அணி இல்லை. ரக்கிலிருந்து பந்தை மிக விரைவாக எடுத்து ஆடுகிற அணி என்று பெயர் வாங்கி, அரையிறுதியில் நியூசிலாந்தையே 34-19 என்று வீழ்த்தி வந்தவர்கள். இறுதி ஆட்டத்திலும் முதல் ட்ரை அவர்களுடையதுதான். அதன்பின் இங்கிலாந்தின் எல்லி கில்டன் தனியாக நெளிந்து ஓடிப் போட்ட ட்ரையை உலகமே திரும்பத் திரும்பப் பார்த்தது. எனக்கும் பிடித்த ட்ரை அது.

ஆனால் அன்றைக்கு இங்கிலாந்து போட்ட ஐந்து ட்ரைகளில் மற்ற நான்கும் முன்வரிசைகளில் முட்டி மோதும் ஃபார்வர்டுகள் போட்டவை. அலெக்ஸ் மாத்யூஸ் இரண்டு, ஹூக்கர் ஏமி கோகெய்ன் ஒன்று, ஏபி வார்டு ஒன்று. இரண்டு அணி ஃபார்வர்டுகளும் தோள் கோத்து முட்டித் தள்ளும் ஸ்க்ரமில் கனடாவைப் பின்னால் தள்ளினார்கள். கனடா விழும் இடமெல்லாம் இங்கிலாந்துக்காரி ஒருத்தி பந்துக்கு மேல் வந்து நின்றாள். ஆட்ட நாயகியாகத் தேர்வானவர் ஃப்ளாங்கர் சேடியா கபேயா. டேக்கிள் போடுவதும் ரக்கில் முட்டுவதும்தான் ஃப்ளாங்கரின் பிழைப்பு. வேகமான பந்தை நம்பி வந்த அணிக்கு அந்த வேகமான பந்தே கிடைக்காமல் செய்துவிட்டார்கள்.

இதற்கு முந்தைய உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தை நான் இன்னும் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். 2022 நவம்பர், ஆக்லாந்து ஈடன் பார்க். அன்றைக்கு இங்கிலாந்து தொடர்ந்து 30 ஆட்டங்களை வென்று வந்திருந்த அணி. அதற்குக் காரணமும் வெளிப்படை: 2019 தொடக்கத்திலேயே 28 பெண்களுக்கு முழுநேர ஒப்பந்தம் கொடுத்துவிட்டார்கள். மற்ற நாட்டுப் பெண்கள் வேலைக்கும் கல்லூரிக்கும் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வந்தபோது, இவர்கள் காலையிலிருந்தே லைன்அவுட் பழகினார்கள். பக்கக் கோட்டுக்கு வெளியே போன பந்தை ஓரத்திலிருந்து எறிந்து ஆட்டத்தைத் தொடர்வதுதான் லைன்அவுட். லைன்அவுட்டில் பந்தைப் பிடித்து, பிடித்தவளைச் சுற்றி எல்லோரும் ஒட்டிக்கொண்டு தள்ளிக்கொண்டே போவது மால். நேரம் போட்டுப் பழகினால் ஒழிய மால் வராது. எட்டுப் பேரின் கால் ஒன்றாக நகர வேண்டும். அன்றைய இறுதி ஆட்டத்தில் கோகெய்ன் மட்டும் மூன்று ட்ரை போட்டார்.

ஆனால் 18-ஆவது நிமிடத்தில் இங்கிலாந்தின் லிடியா தாம்ஸன் டேக்கிளுக்குப் போனபோது தலையோடு தலை மோதிச் சிவப்பு அட்டை வாங்கினார். மீதி அறுபது நிமிடத்துக்கும் மேல் 14 பேர். அப்படியும் இடைவேளையில் 26-19 என்று முன்னிலை! ஆள் குறைந்தாலும் மால் தள்ளலாம், ஆனால் ஓரங்களைக் காக்க முடியாது. நியூசிலாந்து அதைப் புரிந்துகொண்டு பந்தை அகலமாகக் கொண்டுபோனது. ஆறு ட்ரை போட்டது. கடைசியில் 34-31. நேரம் முடிந்த பிறகும் இங்கிலாந்துக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் லைன்அவுட், அவர்கள் அன்றைக்கு மறுபடி மறுபடி ட்ரை போட்ட அதே இடம், அதே உத்தி. நியூசிலாந்தின் ஜோவானா ங்கான்-வூ குதித்து அந்தப் பந்தைக் கெடுத்தார். அதோடு ஆட்டம் முடிந்தது.

ஹூக்கராக ஆடியவள் என்பதால் அந்தக் கடைசி எறிதலைப் பார்க்கும்போது எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசையும். லைன்அவுட்டில் பந்தை எறிவது ஹூக்கர்தான். 80 நிமிடமும் முடிந்து மூச்சு வாங்குகிற நேரத்தில், ஈரக் கையில், அரங்கம் முழுக்க எதிரணிக்குக் கத்தும்போது நேராக எறிய வேண்டும்.

நேரம்தான் எல்லாம் என்றால் நியூசிலாந்து எப்படி ஜெயித்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முந்தைய ஆண்டு, 2021 இறுதியில், இதே நியூசிலாந்து இங்கிலாந்திடம் 43-12, 56-15 என்றும், பிரான்ஸிடம் இரண்டு முறையும் தோற்றது. அதன்பின் அவர்களும் வீராங்கனைகளுக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள். வெய்ன் ஸ்மித் பயிற்சியாளராக வந்தார். இங்கிலாந்தோடு மாலில் மல்லுக்கட்டி ஜெயிக்க முடியாது என்று தெரிந்து, வேகமாக, அகலமாக, டேக்கிள் வாங்கிக்கொண்டே பந்தைக் கைமாற்றி ஆடும் முறையைக் கொண்டுவந்தார்கள். டேக்கிளில் விழுவதற்குள் பந்து கைமாறிவிட்டால் ரக்குக்கே வேலையில்லையே! அந்த மூன்று விநாடிப் பிரச்சினையை அவர்கள் வேறு வழியில் தீர்த்தார்கள். அதற்கும் சேர்ந்து பழக நேரம் வேண்டியிருந்தது, அந்த நேரம் அவர்களுக்குக் கிடைத்தது.

அட்டைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம். செவன்ஸில் மஞ்சள் அட்டை என்றால் 2 நிமிடம் வெளியே. 14 நிமிட ஆட்டத்தில் 2 நிமிடம் என்பது ஏழில் ஒரு பங்கு. அதற்குள் இரண்டு ட்ரை போய்விடலாம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் மகளிர் ரக்பி முதன்முதலாக ஆடப்பட்டபோது இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்தின் போர்ஷியா உட்மன் இடைவேளைக்குச் சற்று முன் மஞ்சள் அட்டை வாங்கினார். ஆஸ்திரேலியா அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொண்டது. 24-17 என்று தங்கம் வென்றது. ஆறு ஆண்டு கழித்து ஈடன் பார்க்கில் தாம்ஸனின் தலை மோதியதும் இதே உட்மனோடுதான். முதல் முறை அட்டையால் தங்கத்தை இழந்தவர், இரண்டாம் முறை அட்டை எதிரணிக்குப் போனபோது உலகக் கோப்பையை வென்ற அணியில் இருந்தார்.

செவன்ஸில் வெளியாட்கள் கவனிக்காத இன்னொன்று, ட்ரை போட்ட அணியேதான் அடுத்து பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். அதாவது புள்ளி எடுத்தவர்கள் பந்தை எதிரணிக்குக் கொடுக்கிறார்கள். உதைத்த பந்து வானத்தில் இருக்கும்போதே ஓடிப்போய்க் குதித்துப் பிடித்துவிட்டால் எதிரணி பந்தையே தொடாமல் இரண்டாவது ட்ரைக்கும் போகலாம். 7 நிமிடப் பாதியில் அப்படி இரண்டு முறை பிடித்துவிட்டால் ஆட்டமே எதிரணியின் கையை விட்டுப் போய்விடும். ஆகவே உதைப்பவள் எவ்வளவு உயரமாக, எவ்வளவு சரியான இடத்தில் போடுகிறாள், பந்துக்காகக் குதிக்கிறவளைத் தூக்கிவிட யார் நிற்கிறார்கள் என்பது ஒரு வேகமான விங்கரைவிடப் பெறுமதியானது. மும்பையில் ரக்பி ஆடுவது மழைக்காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை. மற்ற மாதங்களில் தரை இறுகிக் கிடக்கும், விழ முடியாது. மழையில் நனைந்து கனத்த பந்து வானத்திலிருந்து வரும்போது அதைப் பிடிப்பது தனிக் கலை. உள்ளங்கையைத் திறந்து, முழங்கையை ஒட்டி, நெஞ்சுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். நழுவி முன்னால் விழுந்தால் நாக்-ஆன், ஸ்க்ரம் எதிரணிக்கு. எங்கள் பெண்களுக்கு இப்போதைக்கு மிகவும் பலவீனமான இடம் இதுதான் என்பது என் கணிப்பு.

உதையைப் பற்றிப் பேசினால் இந்தியாவின் கதையும் வரும். 15 பேர் ஆடும் ஆட்டத்தில் இந்திய மகளிர் முதன்முதலாக இறங்கியது 2018-இல். முதல் வெற்றி 2019 ஜூனில், மணிலாவில், சிங்கப்பூருக்கு எதிராக, 21-19. கடைசிக் கட்டத்தில் சுமித்ரா நாயக் உதைத்த பெனால்டி அந்த வெற்றியைத் தந்தது. ஒற்றை உதை. ஒரு நாட்டின் முதல் வெற்றி அதில் தொங்கிக்கொண்டிருந்தது. 2022 உலகக் கோப்பை அரையிறுதியில் பிரான்ஸின் கரோலின் ட்ரூவான் கடைசி நேரத்தில் உதைத்த பெனால்டி விலகிப் போனது. நியூசிலாந்து 25-24 என்று இறுதிக்குப் போனது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கல ஆட்டம் முடிகிற விநாடிகளில் அமெரிக்காவின் அலெக்ஸ் செட்ரிக் தன் பக்கத்துக் கோட்டருகே பந்தை வாங்கி, பிடிக்க வந்தவர்களை உதறி, மைதானம் முழுக்க ஓடி ட்ரை போட்டார். எல்லோரும் அந்த ஓட்டத்தைப் பேசுவார்கள். ட்ரைக்குப் பிறகு கணக்கு 12-12. கன்வர்ஷனையும் அவரேதான் உதைத்து 14-12 ஆக்கினார். அவ்வளவு தூரம் ஓடிய காலால், பந்தைத் தரையில் போட்டு எழும்பும்போது உதைக்கும் ட்ராப் கிக்.

இந்தியாவில் ரக்பிக்கு வரும் பெண்கள் பெரும்பாலும் தடகளத்திலிருந்தும் கபடியிலிருந்தும் வருகிறார்கள். காலால் பந்தை உதைத்தே வளர்ந்தவள் அபூர்வம். எங்கள் தெருக்களில் சாயங்காலம் கால்பந்து ஆடுவது பையன்கள்; பெண் பிள்ளைகளைத் தண்ணீர் பிடிக்கக் கூப்பிடுவார்கள். பதினாறு வயதில் முதல் முறையாகப் பந்தை உதைப்பவளுக்கும், ஐந்து வயதிலிருந்து உதைத்தவனுக்கும் உள்ள வித்தியாசத்தை உடல்வாகு என்று சொல்லித் தள்ளிவிடுவது எனக்குக் கோபம் வரவழைக்கும்.

உள்நாட்டில் ஒடிசாப் பெண்கள் ஆண்டாண்டாக வலுவாக இருப்பதற்கும் காரணம் சேர்ந்து பழகும் நேரம்தான். புவனேஸ்வரில் கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்தின் விடுதியில் பழங்குடிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தங்கிப் படிக்கிறார்கள். ரக்பி ஆடுகிறவர்கள் ஒரே இடத்தில் சாப்பிட்டு, தூங்கி, ஒன்றாகப் பயிற்சி செய்கிறார்கள். சுமித்ரா நாயக்கும் அங்கே படித்தவர்தான். ஒருத்தி விழுந்தால் அடுத்தவள் எந்தப் பக்கத்திலிருந்து வருவாள் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்திருக்கிறது. எங்கள் பெண்கள் ஹார்பர் லைன் ரயிலில் மூன்று ஸ்டேஷன்களிலிருந்து வந்து, ஒரு மணி நேரம் ஆடிவிட்டு, இருட்டுவதற்குள் வீட்டுக்கு ஓட வேண்டும்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதைத் தமிழில் யாரும் வெளிப்படையாக எழுதுவதில்லை. பயிற்சிக்கு வரும் பெண்களில் பலருக்கு இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைவு. இரண்டாவது பாதியில் கால் கனக்கிறது என்பார்கள். படத்தில் பார்த்தால் ரக்குக்கு வந்து சேரும் நேரம் முதல் பாதியைவிட நன்றாகவே கூடியிருக்கும். அதை மனோபலக் குறைவு என்று கத்துகிற பயிற்சியாளர்களைப் பார்த்திருக்கிறேன். காலையில் டீயும் இரண்டு பிஸ்கட்டும் தின்றுவிட்டு வந்தவளிடம் மனோபலத்தை எங்கே தேடுவது? நாங்கள் இப்போது ஆட்டத்துக்கு முன் அவித்த முட்டையும் வேர்க்கடலை உருண்டையும் கொடுக்கிறோம். முட்டை சாப்பிடாதவர்களுக்குச் சுண்டல். மாதவிலக்கு நாட்களை அவரவரே ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறார்கள், விருப்பம் இருந்தால் சொல்கிறார்கள். முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிவது பெண்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே மடியாமல் பழக்கினால் அதைக் கணிசமாகக் குறைக்கலாம். அந்தப் பயிற்சிக்கு ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும். ஆனால் ஒரு மணி நேரமே கிடைக்கிற இடத்தில் அந்தக் கால் மணி நேரத்தைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுகிறார்கள்.

தலையும் அப்படித்தான். பின்னால் விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளாவிட்டால் தலை தரையில் அடிபடும். 2025 உலகக் கோப்பையில் பலமான அடி விழுந்தால் விளக்கெரியும் பல்காப்பை வீராங்கனைகள் போட்டு ஆடினார்கள். நமக்கு அது கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கழுத்துப் பயிற்சிக்கு ஒரு துண்டு போதும். இரண்டு பேராகச் சேர்ந்து செய்யலாம்.

எங்கள் அணியில் ப்ராப் என்ற முன்வரிசை இடத்தில் ஆடும் ஒருத்தியின் ஆச்சி ஆட்டம் பார்க்க வந்திருந்தார். பேத்தி டேக்கிள் வாங்கி விழுந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டி, பொம்பளப் பிள்ளைய இப்படித் தள்ளிவிடுதாவளே, நீ பாத்துட்டே நிக்க?"

"விழத்தான் ஆச்சி மொதல்ல சொல்லிக் குடுத்திருக்கோம். பாருங்க, எந்திரிச்சிட்டா."

"எந்திரிச்சிட்டா சரி. அந்தப் பந்து எங்க போச்சு?"

முதல் ஆட்டத்திலேயே ஆச்சி சரியான இடத்தைப் பார்த்துவிட்டார். பந்து எங்கள் பக்கமே வெளியே வந்திருந்தது. விங்கில் ஓடிக்கொண்டிருந்தாள் ஒருத்தி. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஆச்சி மட்டும் எழுந்து நின்ற பேத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார், அவர் காரணம் வேறாக இருந்தாலும்.

பணம் முக்கியமில்லை, மனம்தான் முக்கியம் என்று சொல்கிறவர்களிடம் கனடாவைக் காட்டலாம். அவர்கள் 2025 உலகக் கோப்பைக்கு முன் பொதுமக்களிடம் பத்து லட்சம் கனடிய டாலர் திரட்ட இறங்கினார்கள். அந்தப் பணம் முகாம்களுக்குத் தேவைப்பட்டது, சேர்ந்து பயிற்சி செய்யும் நாட்களைக் கூட்டுவதற்கு. மனம் அவர்களிடம் முன்பே இருந்தது. அப்படித் திரட்டி வந்து இறுதிவரை போன அணியை, ஆண்டுகளாக முழுநேர ஒப்பந்தத்தில் இருந்த அணி வென்றது. இங்கிலாந்தின் பெண்கள் அந்த வெற்றிக்கு முழுத் தகுதியானவர்கள். ஆனால் அந்த 20 புள்ளி வித்தியாசத்தில் எவ்வளவு திறமை, எவ்வளவு பயிற்சி நேரம் என்று பிரித்துப் பார்க்காமல் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்கள் அணிக்கு இந்த மழைக்காலத்துக்கு நான் எழுதிக் கொடுத்த குறிப்பு சின்னது. வாரத்தில் ஒரு நாள் முழுக்க விழுவதும் பந்து வைப்பதும் மட்டும். இன்னொரு நாள் தொடக்க உதையும், வானத்துப் பந்தைப் பிடிப்பதும், ஈரப் பந்தை வைத்தே. உதைக்க ஆசைப்படும் இரண்டு பேருக்கு ஆளுக்கு ஒரு பந்து, வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிடலாம். பயிற்சியாளர் மூன்றுக்கும் சம்மதித்துவிட்டார், பந்துகள் வந்துவிட்டன. பாக்கி இருப்பது மாலை ஆறரைக்கு மேல் விளக்கெரியும் ஒரு மைதானம். சயானுக்கும் வடாலாவுக்கும் இடையே, ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், பெண்கள் உடை மாற்ற ஓர் அறையோடு இருந்தால் போதும். அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் நிர்வாகத்தில் இருக்கும் தமிழர்கள் யாராவது இதைப் படித்தால், வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று எங்கள் பெண்களுக்குத் திறந்துவிட முடியுமா என்று யோசியுங்கள். புல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மண்ணைக் கொத்திப் பதப்படுத்தும் வேலையை நாங்களே செய்துகொள்கிறோம்.